சிறுநீரகத் தாதியின் இருவகைப் பணி

இயந்திரத்தின் துணைகொண்டு சிறுநீரக நோயாளரின் குருதியைச் சுத்திகரிக்கும் தாதியர் இருவகையினர். சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்து வைத்தியசாலையிற் கிடப்போரைப் பேணுவோர் ஒருவகையினர். சிறுநீரகம் நிரந்தரமாகவே செயலிழந்தமையால் கிழமைக்கு மும்முறை சிகிச்சை நிலையத்துக்கு வந்துபோவோரைப் பேணுவோர் மற்றொரு வகையினர். இயந்திரத்தின் தத்துவம் ஒன்றே, பணியோ வேறு. ஐக்கிய அமெரிக்காவிலே முதல்வகைப் பணியிற் பல ஆண்டுகளைக் கழித்த தாதியர் சிலர், குடும்பத்தையும் தம் உடல்நலத்தையும் கருதி இரண்டாம் வகைப் பணிக்கு மாற விரும்புகின்றனர். அம்மாற்றத்தால் அவர்கள் பெறுவது யாது, கொடுப்பது யாது என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்விரு பணிகளும் ஒருங்கே தோன்றியவை அல்ல. 1943ஆம் ஆண்டில், யேர்மனியப் படைகளின் ஆதிக்கத்திலிருந்த ஒல்லாந்திலே, வில்லெம் கொல்ஃப் என்னும் வைத்தியர் சுழலும் உருளையொன்றிற் செலோபேன் குழாயைச் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். 1945இல் அறுபத்தேழு வயதான மாதொருவர் அதனால் உயிர் பிழைத்தார். எனினும், ஒவ்வொரு முறையும் குருதிக் குழாயை வெட்டித் திறக்கவேண்டியிருந்தமையின், சில நாட்களுக்கு மட்டுமே இச்சிகிச்சை பயன்பட்டது. 1960இல் சியாற்றில் நகரத்து வைத்தியர் பெல்டிங் ஸ்கிறிப்னர், கையிலேயே நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க குழாயொன்றை அமைத்தார். அதனைப் பெற்ற முதல் நோயாளர் மேலும் பதினோராண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1962இல் வெளிநோயாளருக்கெனத் தனி நிலையம் அந்நகரிலே தோன்றியது. 1972இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை ஏற்கச் சட்டமியற்றியபின், அத்தகைய நிலையங்கள் நாடெங்கும் பெருகின. அவற்றோடு, நாட்பட்ட நோயாளரைப் பேணும் தாதியும் தோன்றினார்.

திடீர் நோயாளரைப் பேணும் தாதியின் வேலைநாள் எப்பொழுது முடியும் என்பதை அவரே அறியார். கிருமிகள் குருதியிற் பரவுதல், பெரிய சத்திரசிகிச்சை, கடும் விபத்து முதலியவற்றின் விளைவாக ஓரிரு நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். இலங்கையிலே கண்ணாடி விரியன் தீண்டியோருக்கும் எலிக்காய்ச்சல் கண்டோருக்கும் இந்நிலை நேர்வதுண்டு. குருதியிற் பொற்றாசியம் மிகுந்தால் இதயம் நின்றுவிடலாம். நுரையீரலில் நீர் தேங்கினால் மூச்சுத் திணறும். ஆதலின், விடியட்டும் என்று காத்திருத்தல் இயலாது. நள்ளிரவிலே தொலைபேசி ஒலித்தால், அன்று அழைப்புக்குரிய தாதி புறப்பட்டேயாதல் வேண்டும். இயந்திரத்தையும் நீரைத் தூய்மையாக்கும் கருவியையும் நோயாளரின் படுக்கையருகே உருட்டிச் சென்று, மூன்று நான்கு மணித்தியாலச் சிகிச்சையை நடத்தி, கருவிகளைக் கிருமிநீக்கி வீடு திரும்புகையிற் பொழுது விடிந்திருக்கும்.

இப்பணிக்கெனத் தனிப் பெருமையுண்டு. ஒரே நோயாளர்மீது முழுக் கவனத்தையுஞ் செலுத்தி, குருதி அழுத்தம் தாழும் கணத்திலேயே செய்யவேண்டியதைத் துணியும் ஆற்றல் எளிதில் வருவதன்று. சிறுநீரகம் மீண்டும் இயங்கத் தொடங்கி நோயாளர் நடந்து வீடு செல்வதைக் காணும் மகிழ்ச்சியும் உண்டு. ஆயினும், பிள்ளையின் பாடசாலை விழாவுக்கு வருவதாக வாக்களிக்க இயலாத தாய்க்கு அப்பெருமை எத்தனை ஆண்டு போதும்? உறக்கமிழந்த கை தவறிழைக்கவுங் கூடும். அத்தவறின் பயனை அனுபவிப்பவர் நோயாளர்.

நாட்பட்ட நோயாளரின் நிலையத்திலோ நேரம் வரையறுக்கப்பட்டது. திங்கள், புதன், வெள்ளி ஒரு தொகுதியினர். செவ்வாய், வியாழன், சனி மற்றொரு தொகுதியினர். ஞாயிறு பொதுவாக விடுமுறை. தாதி கிழமைக்கு மூன்று அல்லது நான்கு நாட்கள் நெடுநேரம் உழைத்து, ஏனைய நாட்களைத் தம்முடையனவாகக் கொள்ளலாம். அடுத்த மாதம் எந்நாளில் வேலை, எந்நாளில் ஓய்வு என்பதை முன்னரே அறிவார். இரவிலே தொலைபேசி ஒலிப்பதில்லை.

ஆனால், இதனை இலகுவான பணியெனக் கருதுவது தவறு. பல நிலையங்களில் முதற்பிரிவினர் அதிகாலை ஐந்து மணியளவிலேயே வந்து அமர்வர். அதற்கு முன்னர் தாதியர் வந்து, நீரிற் குளோரீன் எஞ்சியுள்ளதா எனப் பரிசோதித்தல் வேண்டும். ஒருவரது நான்கு மணித்தியாலச் சிகிச்சைக்கு ஏறத்தாழ 120 லீற்றர் நீர் செலவாகின்றது. உதவியாளர் இருப்பினும் ஒரு தாதியின் பொறுப்பிற் பல நோயாளர் இருப்பர். ஒரு பிரிவினர் எழுந்தவுடன் இயந்திரங்களைத் துப்புரவாக்கி அடுத்த பிரிவினரை அமர்த்தவேண்டும். காலையில் ஏற்படும் சிறு தாமதம் மாலைவரை தொடரும். பண்டிகை நாளில் நிலையம் மூடினாலும், அந்நாளுக்குரிய சிகிச்சை ஞாயிற்றுக்கிழமைக்கோ வேறொரு நாளுக்கோ மாற்றப்படுமேயன்றிக் கைவிடப்படாது.

இவை உடலின் உழைப்பு. உள்ளத்தின் உழைப்பு வேறு. கிழமைக்கு மும்முறையெனின் ஆண்டுக்கு 156 சந்திப்புகள். நோயாளரின் பேரப்பிள்ளையின் பெயரையும் ஊசி ஏற்கும் நரம்பின் வளைவையும் தாதி ஒருங்கே அறிவார். தராசில் எடை மிகுந்திருப்பின், முதல்நாள் விருந்தில் உப்பும் நீரும் மிஞ்சியமையை உணர்வார். வாழைப்பழத்தையும் இளநீரையும் போன்ற பொற்றாசியம் மிகுந்தவற்றைக் குறைக்குமாறு சலிப்பின்றி நூறுமுறை கூறுவார். எந்நாளும் வேடிக்கை பேசுபவர் ஒருநாள் மௌனமாயிருப்பின், அதன் காரணத்தையும் விசாரிப்பார். இந்நோயாளரின் சிறுநீரகம் மீள்வது அரிது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலன்றி, இயந்திரமே துணை. ஒருநாள் அவருடைய ஆசனம் வெறுமையாயிருக்கும். அறியாதவர் ஒருவரின் மரணமன்று அது. நெடுநாள் அறிந்தவரின் பிரிவு.

எனவே, ஓய்வொன்றையே நாடிச் செல்பவர் ஏமாற்றமடையக்கூடும். இறுதிப் பிரிவு எப்பொழுது முடியும், ஒருவரின் பொறுப்பில் எத்தனை நோயாளர், வைத்தியசாலை அழைப்புகளுக்கும் செல்லவேண்டியிருக்குமா என்பவற்றை முன்னரே கேட்டறிதல் நன்று. முன்னைய அனுபவமும் வீணாவதில்லை. வைத்தியர் எந்நேரமும் அருகில் இல்லாத நிலையத்திலே, ஒருவர் திடீரென மயங்கிச் சாயும்போது, நெருக்கடியிற் பழகிய தாதியின் நிதானமே உயிரைக் காக்கும்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயக் குடும்பங்களிலே, 1990களிலிருந்து, காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டு வருதலின், இது அந்நிய நாட்டுச் செய்தி மாத்திரமன்று. ஆண்டுக்கணக்காக ஒரே ஆசனத்துக்கு வரும் நோயாளருக்கு வேண்டியது பழகிய முகமும் பதறாத கையுமாகும். அக்கை நெடுங்காலம் நிலைப்பதற்கு, தாதிக்கு உறக்கமும் வீடும் விடுமுறையும் வேண்டும். தாதியின் ஓய்வு நோயாளரிடமிருந்து பறித்த நேரமன்று. அவருடைய சிகிச்சையின் ஒரு கூறேயாகும்.