அற்கைன் கூட்டற்றாக்கங்களில் விளைவறிதல்

வாழைக்குலையை விரைந்து பழுக்கவைக்கச் சிலர் இடும் காபைட்டுக் கல்லைத் தெல்தோட்டையில் அறியாதார் இலர். அக்கல் நீருடன் சேர, அசற்றலீன் வாயு எழுகின்றது. இரு காபனணுக்கள் மும்மைப் பிணைப்பால் இணைந்த அற்கைன் குடும்பத்தின் தலைப்பிள்ளை இதுவே. இக்குடும்பத்தின் கூட்டற்றாக்கங்களுக்கு விளைவு எழுதுங்கால் நம் மாணவர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். முறையறியாது மனப்பாடஞ் செய்தலே அதற்குக் காரணமாகும்.

மும்மைப் பிணைப்பு இருமுறை கூட்டலுக்கு இடந்தருவது என்பதை முதற்கண் உளங்கொள்க. புரோப்பைனுடன் ஐதரசன் புரோமைட்டுச் சேருங்கால், 1870 இல் மாக்கோவ்நிக்கோவ் உரைத்த விதிப்படி, ஐதரசன் மிகுதியாக உள்ள காபனையே புதிய ஐதரசனும் சாரும். நேரேற்றம் ஓரக்காபனிலும் நடுக்காபனில் உறுதியாக நிற்குமாதலின் இவ்வாறு நிகழ்கின்றது. எனவே, முதலில் 2-புரோமோபுரோப்பீனும், மேலுஞ் சேர 2,2-இருபுரோமோபுரோப்பேனும் விளையும்.

நீர் சேர்த்தல் பிறிதொரு நுட்பம் உடையது. உருசிய அறிஞர் குச்செரோவ் 1881 இல் இரச உப்பை ஊக்கியாகக் கொண்டு இதனைக் கண்டறிந்தார். இங்கு முதலில் தோன்றும் ஈனோல் நிலைத்து நில்லாது. ஐதரசன் இடம்பெயர, காபனைல் சேர்வையாக மாறும். ஆதலின் ஈனோலை எழுதி நிறுத்துதல் பிழையாம். புரோப்பைன் தருவது புரோப்பனோன், புரோப்பனல் அன்று. இம்முறையில் அலிடிகைட்டைத் தருவது அசற்றலீன் ஒன்றே. அதன் விளைவு எதனல்.

இத்தாக்கம் ஏட்டளவில் நின்றதன்று. யப்பானின் மினமாட்டா நகரத் தொழிற்சாலையொன்று 1932 முதல் 1968 வரை இம்முறையால் எதனல் ஆக்கிற்று. ஊக்கி மாறாது மீளும் என்று நாம் கரும்பலகையில் எழுதுகின்றோம். ஆயின், அங்கே இரசத்தின் சிறுபகுதி மெதயில் இரசமாகிக் கழிவுநீருடன் கடலிற் கலந்தது. மீனின் வழியாக மக்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கிற்று. அந்நோய் 1956 மே 1 ஆந் திகதி அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வாக்கம் நிறுத்தப்படவில்லை.

ஆகவே, விளைவெழுதப் புகும் மாணவன் மூன்று வினாக்களைத் தன்னையே கேட்பானாக: அற்கைன் சமச்சீரானதா? ஐதரசன் எக்காபனைச் சாரும்? முதலில் தோன்றும் பொருள் நிலையானதா? இவற்றுக்கு விடை கண்டால் புள்ளி கிடைக்கும். நான்காவது வினாவும் ஒன்றுண்டு: அம்புக்குறியின் மேல் எழுதிய பொருள் ஈற்றில் எங்கே செல்கின்றது? இதனைப் பரீட்சகர் கேளார். ஆயினும், மகாவலிக்கு நீரூட்டும் மலைகளில் வாழும் நாம் இவ்வினாவையும் வகுப்பில் எழுப்புதல் கடமையாகும்.