கப்பல் காத்திருக்காது பாஸ்!

ஏழு ராத்திரி, ஆறு ஊர். பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ஃப்ளாரன்ஸ்/பிசா, ரோம், நேப்பிள்ஸ். மத்தியதரைக் கடல் குரூஸ் விளம்பரம் எதைப் பிரித்தாலும் இப்படித்தான் ஒரு லிஸ்ட் இருக்கும். கூடவே ஒரு படம். ஒரு பக்கம் கொலோசியம், இன்னொரு பக்கம் வெள்ளைவெளேர்னு கப்பல். பார்த்ததும் உங்களுக்கு என்ன தோணும்? படி இறங்கினா கொலோசியம் வாசல்னுதானே?

அங்கேதான் ட்விஸ்ட். கொலோசியத்துக்குப் பக்கத்தில் கடலும் கிடையாது, கப்பலும் கிடையாது. உங்க கப்பல் வந்து நிற்பது சிவித்தாவெக்கியா என்கிற ஊரில். அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கும் மேல். சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுட்டு, 'காஞ்சிபுரம் வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க'னு சொன்னா எப்படி இருக்கும்? அதே கதைதான்.

'குரூஸெல்லாம் வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிங்க போறதுப்பா'னு ஒதுக்கிட முடியாது. அப்பா-அம்மாவின் இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு அக்கா புக் பண்ணுவாங்க, நீங்களும் தொற்றிக்கொள்வீங்க. கேட்டரிங் படிச்சுட்டு கப்பல் கிச்சனில் வேலைக்குச் சேர்ற நண்பனுக்கும் துறைமுகத்தில் கிடைப்பது ஷிஃப்ட்டுக்கு நடுவே சில மணி நேரம்தான். டிக்கெட் வாங்கினவருக்கும் வேலை பார்க்கிறவருக்கும் பொதுவான பிரச்னை ஒண்ணே ஒண்ணு. நேரம்!

ஒரு கழித்தல் கணக்கு

அட்டவணையில் 'ரோம், காலை 8 - மாலை 6' என்று போட்டிருக்கிறதுனு வெச்சுக்கோங்க. ஆஹா, பத்து மணி நேரம்! கொஞ்சம் பொறுங்க, கழிப்போம்.

எட்டு மணிக்குக் கப்பல் கரையைத் தொட்டாலும், அனுமதி கிடைச்சு, க்யூவில் நின்னு, நீங்க கீழே கால் வைக்க எட்டே முக்கால் ஆகிடும். துறைமுகத்துக்குள்ளே நடக்க விடமாட்டாங்க. பஸ் பிடிச்சு வெளியே வந்து, ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், டிக்கெட் எடுக்க ஒன்பதரை. ரயில் ஒரு மணி நேரம். ஆக, ரோமில் நீங்க இறங்குவது பத்தரைக்கு.

இப்போ பின்னாடியிலிருந்து வாங்க. ஆறு மணிக்குக் கிளம்புற கப்பலில் ஐந்தரைக்குள்ளே எல்லாரும் ஏறியிருக்கணும். சில கம்பெனிகள் ஒரு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லும். நாலரைக்குத் துறைமுகம் வரணும்னா, நாலு மணிக்கு சிவித்தாவெக்கியா ஸ்டேஷன். அப்படின்னா மூணு மணிக்கு ரோமில் ரயில் ஏறியாகணும். மிச்சம்? நாலரை மணி நேரம். பத்து, நாலரை ஆயிடுச்சு! சாப்பாடும் டாய்லெட் தேடுறதும் இதுக்குள்ளேதான்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு ஊருக்கும் வீட்டிலேயே உட்கார்ந்து போட்டுடுங்க. விளம்பரத்தில் ஊர்ப் பெயருக்கு நடுவே ஸ்லாஷ் போட்டிருந்தா உஷார். 'ஃப்ளாரன்ஸ்/பிசா'ன்னா கப்பல் ரெண்டு ஊரிலும் நிற்கலைனு அர்த்தம். அது நிற்பது லிவோர்னோவில்!

லேட்டானா என்ன, கொஞ்ச நேரம் நிற்க மாட்டாங்களான்னு கேட்கிறவங்களுக்கு ஒரு நிஜக் கதை. 2024 மார்ச்சில், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கிற சாவோ தோமே தீவில் 'நார்விஜியன் டான்' என்ற கப்பல் நின்றது. எட்டுப் பயணிகள் தனியார் டூர் ஒன்றில் போய், லேட்டாகத் திரும்பினாங்க. கப்பல் கண்ணுக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்னுட்டுதான் இருந்தது. ஆனா, கேப்டன் ஏத்திக்கலை. அப்புறம் அவங்க சொந்தச் செலவில் நாடு நாடாகச் சுத்தி, கிட்டத்தட்ட ஒரு வாரம் கழிச்சு செனகலின் டக்கார் துறைமுகத்தில்தான் அதே கப்பலைப் பிடிச்சாங்க. உலகம் பூரா நியூஸ் ஆச்சு.

அவங்க அமெரிக்க, ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்காரங்க. நம்ம பாஸ்போர்ட்டை நினைச்சுப் பாருங்க. விசா இல்லாம அடுத்த நாட்டு விமானத்தில் ஏறவே விடமாட்டாங்க. அதனால ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி ரூட்டில் போறீங்கன்னா ஒரே ஷெங்கன் விசா போதும், தப்பினாலும் ரயிலேறி அடுத்த துறைமுகத்துக்குப் போயிடலாம். நடுவில் துனிஸ் மாதிரி ஷெங்கனுக்கு வெளியே ஒரு ஊர் வந்தா, திரும்பி நுழைய மல்டிபிள் என்ட்ரி வேணும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் வாங்கி வெச்சுக்குவாங்க. பாஸ்போர்ட், விசா ரெண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துப் பையில் போடுங்க. கப்பல் கார்டு இல்லாம கரையிலிருந்து திரும்பி ஏற முடியாது. தினமும் அறைக்கு வர்ற நிகழ்ச்சித் தாளில் அந்த ஊர் ஏஜென்ட்டின் போன் நம்பர் இருக்கும், அதையும் செல்போனில் ஒரு கிளிக்!

டூரா, ரயிலா?

கப்பலிலேயே டூர் விற்பாங்க. விலை ரயில் டிக்கெட்டைவிடப் பல மடங்கு. ஆனா அதில் ஒரு இன்ஷூரன்ஸ் ஒளிஞ்சிருக்கு. அவங்க பஸ் டிராஃபிக்கில் மாட்டினா கப்பல் உங்களுக்காக நிற்கும், இல்லைன்னா அடுத்த ஊருக்கு அவங்க செலவிலேயே கொண்டு சேர்ப்பாங்க. ரயிலில் நீங்களா போனா அந்த உத்தரவாதம் கிடையாது.

என் கருத்து? ஊர் தள்ளி இருந்து, கூட வயசானவங்களும் இருந்தா கப்பல் டூர். நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து போறீங்கன்னா ரயில். ஆனா கடைசி ரயிலை நம்பக் கூடாது. அதுக்கு முன்னாடி ரயில், அதுக்கும் முன்னாடி ரயில்னு ரெண்டு ரயில் கையிருப்பு வேணும். இத்தாலியில் ரயில் ஸ்ட்ரைக்குக்கும் முன்கூட்டியே தேதி அறிவிச்சுடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க. உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஸ்டேஷனில் இருக்கிற மெஷினில் குத்திட்டுதான் ஏறணும். டிக்கெட் கையில் இருந்தும் ஃபைன் கட்டுறது எவ்வளவு கொடுமை!

சரி, ரோமில் அந்த நாலரை மணி நேரத்தை என்ன பண்ணலாம்? 'வாடிகன், கொலோசியம், ட்ரெவி நீரூற்று எல்லாம் ஒரே ரவுண்டு'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பார்க்கிறது எல்லாம் பஸ் ஜன்னலும் க்யூவும்தான். நான் சொல்றது இது. சிவித்தாவெக்கியா ரயில் மெயின் ஸ்டேஷன் போறதுக்கு முன்னாடி சான் பியெத்ரோவில் நிற்கும். அங்கே இறங்கினா கால் மணி நேர நடையில் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கம். உள்ளே போக க்யூ பெருசா இருந்தா வெளியிலிருந்தே ஒரு கும்பிடு. அப்படியே ஆற்றைத் தாண்டி இன்னொரு அரை மணி நேரம் நடந்தா பாந்தியன்.

சிவில் மாணவர்களே, கொலோசியத்தைவிட இதுதான் நம்ம கோயில்! சுமார் 1,900 வருஷத்துக்கு முந்தின கான்கிரீட் குவிமாடம். குறுக்களவு 43 மீட்டர். உள்ளே ஒரு கம்பிகூட கிடையாது. கம்பியில்லாத கான்கிரீட் குவிமாடத்தில் இன்னிக்கும் உலகத்திலேயே பெருசு இதுதான். மேலே போகப் போக எடை குறையணும்னு, உச்சியில் எரிமலைக் கல்லான பியூமிஸைக் கலந்திருக்காங்க. நட்டநடுவில் வானம் தெரியுற ஓட்டை, மழை பெய்தா உள்ளேயே கொட்டும், தரையில் வடிய துளை வெச்சிருக்காங்க. 2023 ஜூலையிலிருந்து உள்ளே போக டிக்கெட் வாங்கணும், பரவாயில்லை, கொடுக்கலாம். தண்ணிக்குச் செலவு பண்ணாதீங்க. ரோம் தெருவெல்லாம் எந்நேரமும் கொட்டிக்கிட்டே இருக்கிற குழாய்கள் உண்டு, குடிக்கிற தண்ணிதான். பாட்டிலை நீட்டுங்க.

லிவோர்னோவில் இதைவிட முடிவெடுக்கிறது சுலபம். ஃப்ளாரன்ஸ் 80 கிலோமீட்டருக்கும் மேல். பிசாவுக்கு ரயிலில் இருபது நிமிஷம்கூட ஆகாது. ஃப்ளாரன்ஸின் ஓவியங்களுக்கு ஒரு நாள் முழுசா வேணும், அதை அரை நாளில் அடக்குறது அதுக்கே அவமரியாதை. பிசாவுக்குப் போங்க. சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற போட்டோ எடுத்துட்டு எல்லாரும் ஓடுவாங்க. நீங்க அதை நிமிர்த்தின கதையைத் தெரிஞ்சுக்கிட்டு நில்லுங்க. 1173-ல் கட்ட ஆரம்பிச்சு, சில வருஷத்திலேயே சாய ஆரம்பிச்சது. காரணம், களிமண் நிலம், ஆழமில்லாத அஸ்திவாரம். 1990-ல் விழுந்துடும்னு பயந்து மூடிட்டாங்க. எப்படி நிமிர்த்தினாங்க தெரியுமா? சாய்ற பக்கம் முட்டுக் கொடுக்கலை. எதிர்ப் பக்கம், அதாவது வடக்கே, அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா உருவினாங்க. கோபுரம் தானாகவே அந்தப் பக்கம் அமர்ந்தது. உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் பின்னுக்கு வந்தது. முழுசா நிமிர்த்தலை, நிமிர்த்தினா யார் வருவா! 2001 டிசம்பரில் திரும்பத் திறந்தாங்க. மேலே ஏற நேரம் குறிச்ச டிக்கெட், முன்னாடியே வாங்கிடுங்க.

மார்செய்யில் கப்பல் டெர்மினல் ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி. பஸ் பிடிச்சுப் பழைய துறைமுகம் போய், குன்றின் மேலிருக்கிற நோத்ர்தாம் தெ லா கார்ட் சர்ச்சிலிருந்து கடலைப் பார்த்தா போதும், மனசு நிறையும். பார்சிலோனாவில்தான் பல பேர் கப்பல் ஏறுவாங்க. ஏறுற நாளிலேயே ஊர் பார்த்துக்கலாம்னு ப்ளான் போடாதீங்க, முந்தின நாளே போய் இறங்கிடுங்க. விமானம் லேட்டானாலும் தப்பிச்சீங்க, சக்ரடா ஃபமிலியா பேராலயத்தையும் நிதானமா பார்த்தீங்க. லா ராம்ப்லா தெருவில் மட்டும் பையை முன்னாடி மாட்டிக்கோங்க, பிக்பாக்கெட் ராஜ்ஜியம்!

ஜெனோவாவை யாரும் மதிக்கிறதில்லை. பாதிப் பேர் டூர் பஸ் ஏறி வேற ஊருக்குப் போயிடுவாங்க. அட, கப்பல் நிற்கிற இடமே ஊர்தான். பழைய துறைமுகத்தைக் கொலம்பஸ் பயணத்தின் 500-வது வருஷமான 1992-க்காக ரென்ஸோ பியானோ என்ற ஆர்க்கிடெக்ட் புதுசாக்கினார். அதுக்குப் பின்னாடி ரெண்டு பேர் சேர்ந்து போக முடியாத சந்துகள். அங்கே ஃபரினாத்தான்னு ஒண்ணு கிடைக்கும். கடலை மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு. பெரிய தாம்பாளத்தில் ஊற்றி விறகடுப்பில் சுட்டது. நம்ம ஊர்க் கடலைமாவு அடைக்கு இத்தாலியப் பெரியப்பா மகன் மாதிரி! சைவக்காரங்களுக்கு வரப்பிரசாதம்.

நடுக்கடலில் செல்போன் மேட்டர் ஒண்ணு. கரையை விட்டு நகர்ந்ததும் உங்க போன் கப்பலின் சேட்டிலைட் நெட்வொர்க்கைத் தானாகப் பிடிச்சுக்கும். பில் பார்த்தா மயக்கம் வரும். கப்பல் கிளம்புற சங்கு ஊதினதும் ஃப்ளைட் மோட்.

நேப்பிள்ஸ் தனி ரகம்

இந்த ஆறு ஊரில் எனக்குப் பிடிச்சது இதுதான். கழித்தல் கணக்கே வேணாம். கப்பல் நிற்பது ஊரின் மடியில். டெர்மினலை விட்டு வெளியே வந்தா எதிரே கோட்டை. பக்கத்திலேயே காப்ரி தீவுக்குப் படகு. ஆனா காப்ரி ஆசையைக் கொஞ்சம் அடக்குங்க. கடல் மோசமானா படகு ரத்து, நீங்க தீவில், கப்பல் கரையில்.

பாம்பேய் போகணும்னா கரிபால்டி ஸ்டேஷனிலிருந்து சின்ன ரயில் இருக்கு, முப்பத்தஞ்சு நாற்பது நிமிஷம். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை மூடின ஊர். ரோடு, கடை, வீடு எல்லாம் அப்படியே. நிழல் கிடையாது, தொப்பி கட்டாயம். சாயங்காலம் திரும்பி வந்து ஒரு பீட்ஸா. பீட்ஸா சுடுற நேப்பிள்ஸ்காரங்க கலையை யுனெஸ்கோ 2017-ல் பட்டியலில் சேர்த்தது. சீஸ் வேணாம்னா 'மரினாரா' கேளுங்க, தக்காளியும் பூண்டும்தான்.

கூட்டமும் வெயிலும் ஒத்துக்காதா? ஊருக்குள்ளேயே தேசியத் தொல்பொருள் மியூசியம். பாம்பேயில் கிடைச்ச நல்ல சாமானெல்லாம் இங்கேதான் இருக்கு. அதில் 'ரகசிய அறை'ன்னு ஒரு பகுதி. பாம்பேய்க்காரங்களின் அடல்ட்ஸ் ஒன்லி ஓவியங்களைப் பூட்டி வெச்சிருந்த அறை, 2000-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தாங்க. நெளியாம உள்ளே போங்க. அங்கே நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி நிற்கிறாள்!

ஒரு ஜாண் சொச்சம் உயரத்தில் தந்தச் சிலை. கழுத்து நிறைய நகை, கை நிறைய வளையல், ரெண்டு பக்கமும் தோழிகள். 1938-ல் பாம்பேயில் தோண்டும்போது கிடைச்சவள். 'பாம்பேய் லட்சுமி'ன்னு பேர் வெச்சாங்க. லட்சுமி இல்லை, யட்சின்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு. இந்தியாவில் செதுக்கி, எரிமலை வெடிக்கிறதுக்கு முன்னாடியே கடல் தாண்டிப் போயிருக்கா. எதிர்த்திசையில் வந்ததும் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டினப்போ இத்தாலியின் அரெஸ்ஸோ பாணி மண்பாண்டத் துண்டுகள் கிடைச்சது. அந்தக் காலத்து மாலுமி துறைமுகத்தில் இறங்கினா, பருவக்காற்று திரும்புற வரைக்கும் மாசக்கணக்கில் தங்கணும். உங்களுக்கு எட்டு மணி நேரம்.

செவ்வாய்க்கிழமை அந்த மியூசியம் லீவு. கப்பல் செவ்வாய்க்கிழமை நேப்பிள்ஸ் வந்தா, தொப்பியை எடுத்துக்கிட்டு பாம்பேய் ரயிலைப் பிடிங்க.