ஒற்றைப் பொலிகாளையும் கலப்பின வீரியமும்

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் அமெரிக்கப் பண்ணைகளில், பசு எத்தகைய கலப்பாக இருந்தாலும் பொலிகாளை மட்டும் தூய இனமாகவே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. கலப்பினக் காளைக்குப் பிறக்கும் கன்றுகள் எடையிலும் உருவத்திலும் ஒன்றுபோல் ஒன்று இராமல் சிதறிவிடும், ஆகவே அத்தகைய காளைக்கன்றைக் காயடித்து விற்றுவிடுவதே முறை என்பது அதன் சாரம். நெப்ராஸ்கா மாநிலத்தின் கிளே சென்டரில் இயங்கும் அமெரிக்க இறைச்சி விலங்கு ஆராய்ச்சி மையம் பல்லாண்டுகள் நடத்திய இனக்கலப்பு ஆய்வுகள் இக்கருத்தின் அடித்தளத்தையே தளர்த்திவிட்ட போதிலும் அது இன்னும் முற்றாக மறையவில்லை என்பது வருந்தத்தக்கது. அதனால் பெரும் நட்டம் அடைகிறவர்கள் சிறு மந்தைக்காரர்களே.

இரண்டு வேறு இனங்கள் சேரும்போது, பிறக்கும் உயிர் தன் பெற்றோரின் சராசரியை விஞ்சி நிற்பதைக் கலப்பின வீரியம் என்பர். ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் ஆகிய மூன்று இனங்களை வைத்து நெப்ராஸ்காவில் செய்யப்பட்ட ஆய்வுகளில், காளையோடு சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பசுவுக்கும் பால்குடி மறக்கும் பருவத்தில் கிடைத்த கன்றின் எடை, கலப்பினால் மொத்தம் ஏறத்தாழ 23 விழுக்காடு உயர்ந்தது. இதில் பெரும்பகுதி கன்று கலப்பாக இருப்பதால் வருவதன்று. தாய் கலப்பாக இருப்பதால், அது தவறாமல் சினைபிடித்து, பாலை நிறையக் கொடுத்து, நீண்டகாலம் மந்தையில் நிலைப்பதால் வருவது. ஆகவே வீரியமுள்ள தாய்ப்பசுக்கள் தலைமுறைதோறும் மந்தையிலேயே உருவாக வேண்டும் என்பதே உண்மையான சிக்கலாகிறது.

இதற்கெனப் பாடநூல்கள் கூறும் வழி சுழற்சி முறை. அதாவது ஆங்கஸ் காளைக்குப் பிறந்த கிடேரிகளை ஹியர்ஃபோர்டு காளையிடமும், ஹியர்ஃபோர்டுக்குப் பிறந்தவற்றை ஆங்கஸிடமும் விட்டுவருவது. காலப்போக்கில் முதற்கலப்பின் வீரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு இதனால் நிலைத்து நிற்கும் என்றாலும், இரண்டு காளைகளும், இனச்சேர்க்கைக் காலத்தில் இரண்டு தனித்தனி மேய்ச்சல் நிலங்களும், ஒவ்வொரு கிடேரியின் தகப்பன் யார் என்ற பதிவும் இதற்கு வேண்டும். 25 அல்லது 30 பசுக்களுக்கு ஒரு காளை போதும் என்பதையும், அந்நாட்டு இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் 50 பசுக்கள்கூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இம்முறை யாருக்கு எட்டாதது என்பது விளங்கும்.

கலப்பினக் காளை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. கிளே சென்டரில் உருவாக்கப்பட்ட மார்க் 2 என்னும் கூட்டினம், சிம்மென்டல், கெல்ப்ஃபீ, ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் ஆகிய நான்கையும் சமபங்கில் கொண்டது. அத்தகைய காளையை அத்தகைய பசுவோடு சேர்க்கும்போது, தகப்பனிடமிருந்து வரும் மரபணுவும் தாயிடமிருந்து வரும் மரபணுவும் ஒரே இனத்தினவாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றே என்பதால், எஞ்சிய முக்கால் பங்கு வீரியம், மந்தைக்குள்ளேயே இனச்சேர்க்கை தொடர்ந்தாலும், தலைமுறைகள் கடந்தும் நிலைக்கிறது. இரண்டே இனங்கள் கலந்திருந்தால் அது அரைப்பங்காகக் குறையும். ஆயினும் ஒரே மேய்ச்சல் நிலமும் ஒரே காளையும் உள்ளவருக்கு அந்த அரைப்பங்கும் சிறிதன்று.

கன்றுகள் சிதறும் என்ற அச்சத்தில் உண்மை உண்டு, ஆனால் அது தோலோடு நின்றுவிடுகிறது. கருநிற ஆங்கஸுக்கும், செவலை உடலும் வெள்ளை முகமும் கொண்ட ஹியர்ஃபோர்டுக்கும் பிறந்த முதற்கலப்புக் காளை, காரி உடலும் வெள்ளை முகமுமாக ஒரே சீராகத் தோன்றினாலும், செவலை நிறத்துக்குரிய மரபணுவையும் உள்ளே சுமந்திருக்கும். அதைத் தன்னைப்போன்ற கலப்புப் பசுக்களோடு விட்டால் நூறு கன்றுகளில் ஏறக்குறைய 25 செவலையாகப் பிறக்கும், சில கன்றுகள் முகமும் கறுத்து வரும். ஷரோலே இனத்தின் இரத்தம் சேர்ந்தால் மயிலையும் புகைநிறமும் தலைகாட்டும். கரிய கன்றுக்குக் கூடுதல் விலை தரும் சந்தையில் இது நட்டமே. ஆனால் எடை, வளர்ச்சி, பால் போன்றவை ஓரிரு மரபணுக்களால் அன்றி எண்ணற்ற மரபணுக்களின் சிறுசிறு பங்களிப்பால் அமைவதால், அவற்றில் கூட்டின மாடுகளிடையே காணப்பட்ட வேறுபாடு தூய இனங்களுக்குள் உள்ள வேறுபாட்டை ஒத்ததாகவே இருந்தது என்பதைக் கிளே சென்டர் அளவீடுகள் காட்டின. நிறத்தைக் கண்டு எடையை ஐயுற்றதுதான் பழைய பிழை.

வெப்பமும் உண்ணியும் மிகுந்த அமெரிக்கத் தென் மாநிலங்களில் கலப்பினக் காளையின் தேவை இன்னும் கூர்மையானது. ஓங்கோல், கிர், குஜராத் போன்ற இந்தியத் திமில் மாடுகளிலிருந்து அங்கு உருவான பிராமன் இனம் வெயிலைத் தாங்கும். ஆனால் அதன் பங்கு மிகும்போது இறைச்சியின் மென்மை குறைகிறது, குளிரும் அதை வருத்துகிறது. பிராமனையும் ஆங்கஸையும் சுழற்சியில் விட்டால் பிராமன் பங்கு ஒரு தலைமுறையில் மூன்றில் ஒன்றாகவும் அடுத்ததில் மூன்றில் இரண்டாகவும் ஊசலாடும். எட்டில் 3 பங்கு பிராமனும் 5 பங்கு ஆங்கஸும் கொண்ட பிராங்கஸ் காளையைப் பிராங்கஸ் பசுக்களோடு சேர்த்தால் அந்த ஊசலாட்டமே இல்லை. இது புதிய வழியுமன்று: டெக்சாஸின் கிங் பண்ணையில் 1920-ல் பிறந்த ‘மங்கி’ என்ற ஒரு கலப்பினக் காளையின் வழித்தோன்றல்களே 1940-ல் தனி இனமாக ஏற்கப்பட்ட சான்டா கெர்ட்ரூடிஸ் மாடுகள்.

கலப்பு என்பதாலேயே ஒரு காளை சிறந்ததாகிவிடாது. கலப்பினக் காளை விரைவில் பருவமடைவதும் நன்கு பொலிவதும் அதன் சொந்த வீரியத்தின் பயன். அந்த வீரியம் கன்றுக்கு அப்படியே கடத்தப்படுவதில்லை, கடத்தப்படுவது மரபணுத் தகுதி மட்டுமே. ஆகவே தாயும் தகப்பனும் பிறப்பு எடை, வளர்ச்சி, எளிதில் ஈனுதல் ஆகியவற்றில் பதிவேட்டால் மதிப்பிடப்பட்டவையாக இருக்க வேண்டும். வேலி தாண்டிய காளைக்குப் பிறந்த கன்றைக் காயடிப்பதே இன்றும் சரி. நெருங்கிய உறவுச் சேர்க்கை வீரியத்தைத் தின்றுவிடும் என்பதால், பொலிகாளைகளை உருவாக்கி விற்கும் கூட்டின விதைமந்தைகள் தலைமுறைக்கு 25 காளைகளுக்குக் குறையாமல் பயன்படுத்த வேண்டும் என்பது கிளே சென்டர் அறிஞர்களின் அறிவுரை. ஒற்றைக் காளை வைத்திருக்கும் சிறு பண்ணையாளர் அத்தகைய விதைமந்தையிலிருந்து காளை வாங்கி, அதன் முதல் ஈற்றுக் கிடேரிகள் பதினைந்து மாதமளவில் சினைக்கு வரும் முன்பே அதை மாற்றிவிட வேண்டும், அல்லது அக்கிடேரிகளையேனும் அதனிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.