சொல்லும் உரிமை யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மதிய இடைவேளையில் என் கைப்பேசி ஒலித்தது. தனியார் நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவிலிருந்து பேசினார்கள. என்னிடம் மேல்நிலை வகுப்புகளில் வணிகவியல் படித்த மாணவி ஒருவர், பட்டப்படிப்பை முடித்துவிட்டு அங்கே கணக்குப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். ‘உங்களை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத இருவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதியிருந்தார். “பொண்ணு எப்படி சார்?” என்று கேட்டார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணக்குப்பதிவியலில் அவர் வாங்கிய மதிப்பெண், பேரேட்டை அவர் எழுதும் நேர்த்தி, நேரம் தவறாமை எல்லாவற்றையும் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “பிளஸ் ஒன் படிக்கும்போது மனசு சரியில்லாம ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுச்சு சார். அதையும் தாண்டி வந்த பொண்ணு” என்றும் சொன்னேன். பாராட்டாகத்தான் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. “ஓ... சரிங்க சார், தேங்க்ஸ்” என்று வைத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி பள்ளிக்கு வந்தார். வேலை கிடைக்கவில்லை. அடுத்த சுற்று நேர்காணலில் “இப்பவும் மாத்திரை எடுக்கிறீங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் யாரிடமும் சொல்லாத செய்தி. எங்கிருந்து போயிருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. “சார், கோச்சுக்காதீங்க. அதைச் சொல்றதா வேண்டாமான்னு நான்தானே முடிவு பண்ணியிருக்கணும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வேலை போனதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த நிறுவனமும் காரணத்தை எழுதித் தருவதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குக் காரணம் நான்தான்.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, என் தந்தை இறந்த பிறகு, நானும் மனச்சோர்வுக்குப் பத்து மாதம் சிகிச்சை எடுத்திருந்தேன். பெற்றோர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் பேருந்தில் போய் வந்தேன். ஆசிரியர் அறையில் எவருக்கும் தெரியாது. எனக்காக அவ்வளவு கவனமாக இருந்த நான், அந்தப் பெண்ணுக்காக அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அதன் பிறகு இதைப் பற்றிப் படித்தேன். மருத்துவர், வழக்கறிஞர் நண்பர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் மாணவர்கள் வேலை தேடிச் செல்லும்போது இந்தக் கேள்வி அவர்களில் பலருக்கு வரும். தேசிய மனநல ஆய்வு (2015-16) கணக்குப்படி, நம் நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலுடன் வாழ்கிறார்கள். நம் வகுப்பறைகளிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 என்பது 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய மூன்று செய்திகள் அதில் உள்ளன.

முதலாவது, முன்பு ஒருவர் சிகிச்சை பெற்றார் அல்லது மருத்துவமனையில் இருந்தார் என்பதை மட்டும் வைத்து, இன்று அவருக்கு மனநோய் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது. இரண்டாவது, ஒருவருக்கு மனநோய் இருப்பதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார். அதை நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும். மூன்றாவது, தன் மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவது அவரது உரிமை. இந்த மூன்றாவது செய்தி சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. ரகசியம் காக்கும் கடமையை அப்பிரிவு மருத்துவத் துறையினர் மீது வைக்கிறது. ஆசிரியர் என்ற சொல் அதில் இல்லை. ஆனாலும் அந்த விவரம் யாருடையது என்ற கேள்விக்கு அதில் தெளிவான பதில் உண்டு. அது அந்த மனிதருடையது.

இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்கு இத்தகைய குறைபாடு ஏற்பட்டால், அதற்காக அவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது அதன் 20ஆம் பிரிவு. மனநோயால் பாதிக்கப்பட்டிருந்த மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை பற்றிய வழக்கில், அத்தகைய நடவடிக்கையே மறைமுகப் பாகுபாடாக அமையலாம் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த பிறகே கைகொடுக்கிறது. வேலைக்கு எடுக்கும் முன் விண்ணப்பதாரரிடம் உடல்நலக் கேள்விகள் கேட்பதைப் பிரிட்டனின் சமத்துவச் சட்டம் (2010) பெரிதும் கட்டுப்படுத்துகிறது. அப்படி வெளிப்படையான தடை நம் நாட்டில் தனியார் நிறுவனங்களுக்கு இல்லை. ஆகவே எப்போது சொல்கிறோம் என்பது மிக முக்கியம்.

சொல்லாமல் இருப்பது பொய்யா?

பயிற்சி வகுப்பில் மாணவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நம் பிள்ளைகள் நேர்மையானவர்கள். கேட்காததையும் ஒப்புவித்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் டைபாய்டு வந்ததை நேர்காணலில் யாரும் சொல்வதில்லை. குணமான மனச்சோர்வும் அப்படித்தான். வேலையைச் செய்ய அது இன்று தடையாக இல்லை என்றால், தானாக முன்வந்து சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

எழுத்தில் கேட்டுக் கையொப்பம் வாங்கும் படிவம் வேறு. அங்கே பொய் எழுதக் கூடாது. மத்தியக் குடிமைப் பணிகளுக்கான மருத்துவப் படிவத்தில், அளவுக்கு மீறிய வேலையாலோ வேறு காரணத்தாலோ நரம்புத் தளர்ச்சி வந்ததுண்டா என்று ஒரு கேள்வி இருப்பதுண்டு. வேண்டுமென்றே மறைத்தால் பணி பறிபோகும் என்ற எச்சரிக்கையும் கீழே இருக்கும். குணமான நோயை உண்மையாக எழுதுவதால் வரும் இழப்பைவிட, மறைத்தது பின்னாளில் தெரியவந்தால் வரும் இழப்பு பெரிது. முன்பு மருத்துவம் பார்த்தவரிடம் ‘குணமடைந்துவிட்டார், பணி செய்யத் தகுதியானவர்’ என்று சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ராணுவம், காவல், விமானம் ஓட்டுதல் போன்ற பணிகளில் மருத்துவத் தகுதி விதிகள் கடுமையானவை. அவற்றை நாடும் மாணவர் விதிமுறையை முன்கூட்டியே படிக்கட்டும்.

படிவத்தின் கேள்வியைச் சரியாகப் படிப்பதே பாதி வேலை. ‘தற்போது பணியைப் பாதிக்கும் நோய் ஏதும் உண்டா’ என்பது ஒரு கேள்வி. ‘எப்போதாவது மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா’ என்பது வேறு கேள்வி. குணமடைந்த ஒருவர் முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினால் அது முழு உண்மை. இரண்டாவதற்கு அப்படி எழுதினால் பொய். ஆங்கில ஆசிரியர்கள் காலங்களைக் கற்பிக்கும்போது இத்தகைய படிவம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைக்கலாம்.

காப்பீட்டு முன்மொழிவுப் படிவத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படக்கூடும்.

எப்போது சொல்வது நல்லது?

மூன்று சூழல்களில் சொல்வது பயன் தரும்.

ஒன்று, இட ஒதுக்கீடு கோரும்போது. அரசு வேலைவாய்ப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில் மனநோயும் ஒரு பிரிவின் கீழ் வருகிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றவர்கள் இதைக் கோரலாம். கோருபவர் இயல்பாகவே வெளிப்படுத்த வேண்டியிருக்கும்.

இரண்டு, வேலையிடத்தில் ஏதேனும் வசதி தேவைப்படும்போது. மாதம் ஒருநாள் மருத்துவரைப் பார்க்க வேண்டும், மருந்தின் காரணமாக இரவுப் பணி ஒத்துவராது என்பன போன்றவை. பணி ஆணை கைக்கு வந்த பிறகு, பொறுப்பான ஒருவரிடம் சொல்லலாம். நோயின் பெயரோ முழுக் கதையோ வேண்டியதில்லை. “ஒரு உடல்நலக் காரணத்துக்காக மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறேன். அன்று அரைநாள் அனுமதி வேண்டும். வேலை பாதிக்காமல் முடித்துத் தருவேன்” என்றால் போதும்.

மூன்று, வேலையில் இருக்கும்போது மீண்டும் சிரமம் தொடங்கும்போது. தாமதமாக வருதல், தவறுகள் என்று புகார் குவிந்த பிறகு சொல்வதைவிட, முன்னதாகச் சொல்வது பாதுகாப்பு. சொன்னதை எழுத்திலும் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஓராண்டு இடைவெளி

சிகிச்சைக்காகப் படிப்பை ஓராண்டு நிறுத்தியவர்கள் நேர்காணலில் மாட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: “இந்த ஒரு வருஷம் என்ன பண்ணீங்க?” இதற்குத் திணறுவதுதான் பதிலைவிட அதிகச் சந்தேகத்தை எழுப்புகிறது. நான் வகுப்பில் இதை நாடகமாகச் செய்யவைக்கிறேன். ஒருவர் அதிகாரி, ஒருவர் விண்ணப்பதாரர். “உடல்நலக் காரணத்தால் ஓராண்டு இடைவெளி எடுத்தேன். சிகிச்சை முடிந்துவிட்டது. பிறகு திரும்பி வந்து படிப்பை முடித்தேன். இப்போது முழுநேரம் வேலை செய்ய முடியும்.” இவை நான்கு வாக்கியங்கள், நான்கும் உண்மை. மனநலமும் உடல்நலத்தின் ஒரு பகுதிதான். மேலும் துருவினால், “அது என் தனிப்பட்ட மருத்துவ விவரம். வேலைக்குத் தேவையான எதைப் பற்றியும் கேளுங்கள்” என்று மரியாதையாகச் சொல்லலாம். அப்படிச் சொல்வதால் சில இடங்களில் வாய்ப்பு நழுவலாம் என்பதையும் மாணவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேர்வு அவருடையது.

நாம் செய்ய வேண்டியவை

ஆசிரியர் நண்பர்களே, என் தவறிலிருந்து நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முன்னாள் மாணவரைப் பற்றி நிறுவனம் கேட்டால் வருகை, படிப்பு, நடத்தை, பழகும் விதம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வோம். உடல்நலம், குடும்பச் சூழல், அவர் கடந்து வந்த துயரம் எதுவும் நம் வாயிலிருந்து போக வேண்டாம், பாராட்டாகக்கூட.

நம் பெயரைப் பரிந்துரைக்குக் கொடுக்கும் மாணவரிடம், “நான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?” என்று முன்பே கேட்டுக்கொள்வோம்.

நன்னடத்தைச் சான்றிதழிலும், ஆசிரியர் அறைப் பேச்சிலும், வாட்ஸ்அப் குழுவிலும் மாணவரின் சிகிச்சை விவரம் இடம்பெறக் கூடாது. பதினோராம் வகுப்பில் நாம் சாதாரணமாகப் பேசியது, இருபத்திரண்டாம் வயதில் அவர் முன் கேள்வியாக வந்து நிற்கும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. மாணவரின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, அவர் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாகிறார் என்று தெரிந்தாலோ, ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. முன்னதில் பெற்றோரையும் மருத்துவரையும் உடனே அணுக வேண்டும். பின்னதில் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். அப்போதும் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும்தான். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணும், 104 எண்ணும் இருக்கின்றன. 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். மூன்றையும் வகுப்பறைச் சுவரில் எழுதி வைப்போம்.

இன்னொரு முக்கியமான செய்தி. “டாக்டர்கிட்ட போனா பின்னாடி வேலை கிடைக்காது” என்ற பயத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் நம் பள்ளிகளில் பல. சிகிச்சை பெற்ற விவரத்தை ஊருக்கே அறிவிக்க வேண்டியதில்லை, அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு என்று பெற்றோரிடம் விளக்கினால், அவர்கள் பிள்ளையை அழைத்துச் செல்லத் துணிவார்கள். இதை நான் இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் சிகிச்சையைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறேன். நிரந்தரப் பணியில், இத்தனை ஆண்டு அனுபவத்தோடு இருப்பதால் என்னால் எழுத முடிகிறது. முதல் வேலை தேடும் பிள்ளையிடம் இதே துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்த மாணவிக்குப் பிறகு வேறிடத்தில் வேலை கிடைத்தது. சென்ற ஆண்டு அதைவிட நல்ல வேலைக்கு விண்ணப்பித்தபோது, “சார், உங்க பேரையே குடுத்திருக்கேன்” என்று கைப்பேசியில் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. நான்கு நாள் கழித்து நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். படிப்பு, நேர்மை, உழைப்பு எல்லாம் சொன்னேன். “வேற ஏதாவது சொல்லணுமா சார்?” என்று கேட்டார்கள்.

“இல்லைங்க. அவ்வளவுதான்” என்றேன்.