மூடிய கோப்புகளும் கேட்கும் உரிமையும்

முதல் உலகப்போர்க் காலத்தில், 1915இல், எகிப்தில் பிரிட்டனின் உயர் ஆணையராக இருந்த ஹென்றி மக்மாகனும் மெக்காவின் ஷெரீப் உசைனும் கடிதத் தொடர்பு கொண்டனர். துருக்கியரை எதிர்த்து அரேபியர் கிளர்ந்தெழுந்தால் அவர்தம் விடுதலையை ஆதரிப்பதாக மக்மாகன் எழுதினார். ஆயினும் டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ ஆகிய மாவட்டங்களுக்கு மேற்கிலுள்ள பகுதிகளை அவ்வுறுதியினின்று விலக்கினார். பாலஸ்தீனம் அவ்விலக்கில் அடங்குமா? அடங்கும் என்றது பிரிட்டன். அடங்காது என்றனர் அரேபியர். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைவதை ஆதரிப்பதாகப் பிரிட்டன் 1917இல் அறிவித்தபின் இவ்வழக்கு முற்றியது. ஒரு தொடரின் பொருளில் ஒரு நாட்டின் உரிமையே அடங்கியிருந்தது. எனினும் அக்கடிதங்களைப் பிரிட்டன் அரசு அதிகாரப்பூர்வமாக வெளியிட்டது 1939இல்தான். அதற்குள் பாலஸ்தீனம் மூன்றாண்டுக் கிளர்ச்சியைக் கண்டிருந்தது.

இன்று பிரிட்டன் அரசின் ஆவணங்களை எந்நாட்டவரும் கோரலாம். 2005 முதல் முழுமையாக நடைமுறையிலுள்ள தகவல் சுதந்திரச் சட்டம் அவ்வுரிமையை வழங்குகிறது. காரணம் கூற வேண்டியதில்லை. பொதுவாக 20 வேலைநாள்களுக்குள் விடை வரவேண்டும். ஆனால் அயலுறவுக் கோப்புகள் எளிதில் திறப்பன அல்ல. வெளியிட்டால் பிறநாட்டு உறவுக்கு ஊறு நேரும் எனக் கூறி அரசு மறுக்கலாம். அவ்வாறு கூறுவது மட்டும் போதாது. வெளியிடுவதால் விளையும் பொதுநலனைவிட மறைப்பதால் விளையும் பொதுநலன் மிகுதி என்றும் அரசு காட்டவேண்டும். மறுக்கப்பட்டவர் முதலில் அத்துறையிடமே மறுஆய்வு கோரலாம். பின்னர்த் தகவல் ஆணையரிடமும், அதன்பின் தீர்ப்பாயத்திடமும் முறையிடலாம்.

கேட்கும் முறையும் முதன்மையானது. ‘பாலஸ்தீனம் பற்றிய அனைத்தும்’ எனக் கோரினால், தேடும் செலவு வரம்பை மீறுகிறது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட இயலும். இன்ன நாளில் இன்னார் எழுதிய குறிப்பு எனச் சுட்டிக் கேட்டால் அவ்வழி அடைபடும்.