ஓசையின் பட்டறைகள் – 9: சுத்தியல் பதித்த தழும்புகள்

பாட்டு உச்சத்துக்கு ஏறும் கணத்தில் டிரம்மர் கையை ஓங்கி ஒரே ஓர் அடி வைப்பார். 'ஷ்ஷா' என்று வெடித்து, சில நொடிகளில் அடங்கிவிடும். அதுதான் கிராஷ் சிம்பல். பெரும்பாலும் 16 அல்லது 18 அங்குல விட்டம், விளிம்பு மெலிந்திருக்கும். இயந்திரம் தட்டிய சிம்பல்கள் கடைகளில் குவிந்து கிடக்கும்போதும், ஜாஸ் கலைஞர்கள் பலர் கையால் தட்டியதைத்தான் தேடுகிறார்கள். அந்தத் தேடல் பெரும்பாலும் இஸ்தான்புல்லில் போய் நிற்கும்.

அந்தச் சிம்பலின் உலோகம்: நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம், துளி வெள்ளி. கோயில் மணி வார்க்கும் வெண்கலத்துக்கு இது நெருங்கிய உறவு. மணியைப் போலவே ஓங்கி அடித்தால் விரிசல் விடும். அதைச் சுத்தியலால் அடித்து வளைப்பது எப்படி?

வார்த்த வில்லையைச் சிவக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே பலமுறை விட்டுத் தகடாக்குகிறார்கள். நடுவில் குமிழ் அழுத்துகிறார்கள். மறுபடி காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் முக்குகிறார்கள். காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் இறுகும் என்பது கொல்லுப்பட்டறை பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் அதற்கு நேர்மாறு. தோய்த்ததும் அடிக்கு வளைந்து கொடுக்கும். எத்தனை அழகான குணம்!

பிறகுதான் சுத்தியல். கைவினைஞர் பட்டடைக்கல் முன் உட்கார்ந்து, ஒரு கையால் தகட்டைத் திருப்பிக்கொண்டே மறுகையால் தட்டுகிறார், ஆயிரக்கணக்கான அடிகள். தட்டையாக இருந்தது மெல்லக் கவிகிறது. எந்த இரண்டு குழியும் ஒரே ஆழமில்லை. ஓரிடம் இறுகியிருக்கும், பக்கத்திலேயே தளர்ந்திருக்கும். ஆகவே குச்சி பட்டதும் தகடு ஒரே சீராக அதிர்வதில்லை. பல அதிர்வுகள் மோதிக் கலக்கின்றன. கூர்மையான மணியோசை பின்வாங்கி, அடர்ந்த, சற்றே கரகரத்த ஒலி முன்னே வருகிறது. டிரம்மர்கள் இதை 'டார்க்' என்பார்கள்.

17ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் தலைநகரில் அவெடிஸ் என்ற ஆர்மீனியர் தொடங்கிய தொழில் இது. குடும்பப் பெயரே தொழிலைச் சொல்லிவிடும்: துருக்கியில் 'ஸில்' என்றால் சிம்பல், 'ஜி' செய்பவர், 'யன்' ஆர்மீனிய வம்சப் பின்னொட்டு. ஸில்ஜியன். 1929இல் ஒரு கிளை அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆலை நிறுவியது. ஜீன் க்ரூபா போன்ற ஸ்விங் டிரம்மர்களுக்காக மெலிந்த சிம்பல்கள் அங்கே பிறந்தன.

இஸ்தான்புல் கிளை பழைய முறையிலேயே தட்டிக்கொண்டிருந்து, 1970களின் இறுதியில் மூடப்பட்டது. கலவைக் கணக்கைக் காகிதத்தில் எழுதி வைக்கலாம். மணிக்கட்டின் பழக்கத்தை எழுதி வைக்க முடியாது. சிறுவயதிலேயே அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அகோப் தோமுர்ஜுக், மெஹ்மெத் தம்தெயெர் இருவரும் 1980களின் தொடக்கத்தில் 'இஸ்தான்புல்' என்ற பெயரில் மீண்டும் சுத்தியலை எடுத்திராவிட்டால் அது அவர்களோடு முடிந்திருக்கும். 1996இல் அகோப் காலமானார். நிறுவனம் 'இஸ்தான்புல் அகோப்', 'இஸ்தான்புல் மெஹ்மெத்' என்று இரண்டாகப் பிரிந்தது. இரண்டு இடங்களிலும் கைச்சுத்தியல் ஓயவில்லை.

தட்டி முடித்த தகடு கறுத்துக் கரடுமுரடாகக் கிடக்கும். கடைசல் உளி மேல்தோலைச் சீவிய பிறகே பொன்னிறம் தெரியும். அந்தக் கடைசல்காரரை அடுத்த வாரம் சந்திப்போம்.