கேஸ்டிரிக்: வெள்ளைத் தண்ணி மருந்தா, பதினான்கு நாள் சிகிச்சையா?



காலைப் பெரட்டு முடிந்ததும் என் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் கேட்கும் குரல், "ஐயா, அந்த வெள்ளைத் தண்ணி மருந்து கொஞ்சம் குடுங்க" என்பதுதான். நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், உப்புசம், வெறும் வயிற்றில் குத்தல், எல்லாவற்றுக்கும் நம்மவர் வைத்த பெயர் கேஸ்டிரிக். இருட்டோடு எழுந்து கோப்பியை மட்டும் குடித்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போகிறவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும் என்று நானும் பல வருஷம் கேள்வி கேட்காமல் கொடுத்து அனுப்பியவன்தான்.

செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலைக்காட்டிலேயே மயங்கி விழுந்தார். மூன்று நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதாம்; யாரிடமும் சொல்லவில்லை. குடற்புண்ணிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். இடுப்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி தினமும் போட்டு வந்திருக்கிறார். "வலி மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று நான் ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை.

வெள்ளை மருந்து கெட்டதல்ல. வயிற்றுப் புளிப்பைக் கொஞ்ச நேரம் அடக்கும். புண்ணுக்கு மூல காரணத்தைத் தொடாது. காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள். மற்றொன்று ஒரு கிருமி. மிளகாயும் கவலையுந்தான் புண்ணை உண்டாக்கும் என்று உலகமே நம்பியிருந்தபோது, 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்ற இரு டாக்டர்கள் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டு ஆய்வுகளில் இந்தக் கிருமி மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமுமே அதிகம் காணப்பட்டிருக்கிறது. நீண்ட காலம் தங்கினால் சிலருக்கு வயிற்றுப் புற்றுநோய்க்கும் வழி செய்யும்.

இனி செலவைப் பார்ப்போம். கடை மருந்துக்கு வாரம் 10 வெள்ளி என்றால் வருஷத்துக்கு 520 வெள்ளி. நோய் அப்படியே இருக்கும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் இருப்பவருக்குத் தேவைப்பட்டால் செபராங் ஜெயா மருத்துவமனைக்குக் கடிதம் கிடைக்கும். தவணைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். "சம்பளம் போகுமே" என்பீர்கள். வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எம்.சி. கொடுத்தால் அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு: ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருஷம் 14 நாள், ஐந்தாண்டுக்கு மேல் 22 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வெறும் டைம் சிலிப் என்றால் இந்தச் சலுகை கிடைக்காது.

கிருமி இருந்தால் சாதாரணமாக 14 நாள் சிகிச்சை: புளிப்பைக் குறைக்கும் மாத்திரையும் இரண்டு வகைக் கிருமிக்கொல்லி மருந்தும். இதிலும் தொல்லை உண்டு. வாய் கசக்கும், சிலருக்கு வயிறு போகும். ஐந்தாம் நாள் வலி நின்றதும் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அதே மருந்து கேட்காது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடித்து நான்கு வாரமாவது கழித்து மறுபரிசோதனை உண்டு. அதையும் தட்டிக் கழிக்காதீர்கள்.

எல்லா எரிச்சலும் கிருமியல்ல. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வருகிறவர்களும் நிறைய. அவர்களுக்குச் சில வாரம் மாத்திரையும் நேரத்துக்குப் பசியாறுவதும் போதும். கிருமி மருந்து வீண் செலவு.

கறுப்பு மலம், ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாத இளைப்பு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் என் வெள்ளை மருந்துக்காகக் காத்திருக்காதீர்கள். கறுப்பு மலமோ ரத்த வாந்தியோ என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

அடுத்த முறை வரும்போது வீட்டில் உள்ள மாத்திரை அட்டை, ஜாமு பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். உடல்வலிக்கென்று விற்கும் பதிவில்லாத ஜாமுவில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. திட்டமாட்டேன், பார்ப்பதற்குத்தான்.